நாலாய்ப் பிரிந்த கட்டம்

ஊரில் எந்தக் கைப்பேசி எங்கே இருக்கிறது என்ற தகவலைப் பல சர்வர் கணினிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது அவளுடைய வேலை. பங்கீடு கண்ணுக்குத் தெரியட்டும் என்று வரைபடத்தின்மேல் கட்டங்கள் போட்டிருந்தாள். ஒரு கட்டத்துக்குள் நிறைய கைப்பேசிகள் சேர்ந்தால் அது நாலாகப் பிரியும். சந்தைப் பக்கம் பொடிப்பொடியாக இருக்கும். ஏரி முழுவதும் ஒரே கட்டம்தான்.

அன்று மத்தியானம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெருவின் கட்டம் பிரிந்தது. பிரிந்த கட்டம் மறுபடியும் பிரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் வீடு. அங்கே படுத்த படுக்கையாக அப்பா மட்டும்தான் இருந்தார்.

"புரோகிராம்ல ஏதோ கோளாறு," என்றான் பக்கத்து மேசைக்காரன். "நீங்க ஒழுங்கா தூங்கித்தான் எத்தனை நாளாச்சு?"

தேடிப் பார்த்தாள். கோளாறு எதுவும் அகப்படவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களாப்பா?"

"வந்தவங்க யாரும் இன்னும் போகலைம்மா," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார் அப்பா. "நீ வேலைய முடிச்சிட்டு மெதுவா வா."

அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். காலையில் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே யாரும் இல்லை. புரண்டு படுக்கவே ஆள் துணை வேண்டிய அப்பா, கட்டிலின் மறு ஓரத்தில் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தார்.

"பாத்து வாம்மா. கீழ உக்காந்திருக்கவங்கள மிதிச்சிடாத."

செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் தரையில் கால் வைக்க இடம் தேடித் தேடிக் கட்டில்வரை போய்ச் சேர்ந்தாள்.