கைராசி

பெட்ரோல் டேங்கின் மூடியைத் திருகியதும் உஸ் என்று சத்தம் வந்தது.

பைக்கைப் பரிசோதித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஓட்டிட்டு வந்தீங்களா, ஏத்திட்டு வந்தீங்களா?"

ஓட்டிக்கொண்டுதான் வந்தேன். வேனில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கணவர் எவ்வளவோ சொன்னார். நாளைக் காலை ஏழு மணிக்கு என் முதல் எண்டூரோ பந்தயம். சேறு, பாறை, ஆறு என்று நூற்றுப் பத்து கிலோமீட்டர். அதை ஓட்டப்போகிறவள் முந்தின நாள் பரிசோதனைக்கு வேனிலிருந்து இறங்கினால் நன்றாகவா இருக்கும்? நான் பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். வரும் வழியில் மேட்டில் வண்டி இரண்டு முறை இருமியது.

அவர் மூடியிலிருந்து நீளும் சின்ன ரப்பர் குழாயைக் கழற்றி ஊதினார். கன்னம்தான் உப்பியது. வளைந்த கம்பியை விட்டுக் குடைந்து, எதையோ வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். அடைச்சிருந்தா இருபது கிலோமீட்டர்ல வண்டி நின்னுடும். மூடியத் திறந்து மூடினா மறுபடி கொஞ்ச தூரம் ஓடும்." குனிந்து இன்னொரு முறை பார்த்தார். "தூசி இல்லம்மா இது. யாரோ செஞ்சு வச்சிருக்காங்க."

பருப்பு அளவுதான். இளஞ்சிவப்பு. ஒரு முனை குறுகி, ஓரமெல்லாம் தேய்த்து மெருகேற்றியிருந்தது. குழாயில் கீறல் விழக்கூடாதென்று அவ்வளவு அக்கறை.

அந்த நிறம் எனக்குத் தெரியும். ஈறு நிறம்.

என் கணவர் பல் செட் செய்பவர். எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. அந்த நிறத் தூளை ஜன்னல் விளிம்பிலிருந்தும் சாப்பாட்டு மேஜையிலிருந்தும் பதினாறு வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

பந்தய விண்ணப்பத்தை நிரப்பியது அவர்தான். என் பல்லுக்கு அச்செடுத்து, விழுந்தால் பல் உடையாமலிருக்க உறை செய்து கொடுத்தவரும் அவர்தான். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவளுக்கு இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் எனக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசியவர்.

பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் வண்டி எங்கேயாவது நின்றுவிடும். போன் செய்வேன். வேனோடு வருவார். முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். மூடுவார். உதைத்ததும் வண்டி கிளம்பிவிடும்.

உங்களுக்குக் கைராசிங்க என்பேன். சிரித்துக்கொள்வார்.

நாளைக்கும் அவர் பந்தயம் முடியும் இடத்தில் நிற்பதாக இல்லை. ஆற்றங்கரையில், இருபத்திரண்டாவது கிலோமீட்டரில், வேனோடு நிற்பதாகச் சொல்லியிருந்தார். கஷ்டமான இடத்தில் துணைக்கு நிற்கிறாரே என்று நேற்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பயம் என்பார். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். இருக்கட்டும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து இதைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. இன்னொன்றை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

இந்த வண்டியைப் பந்தயத்துக்காகத் தயார் செய்தது என் அண்ணன். சின்ன மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். வண்டி நிற்க நிற்க, கார்புரேட்டரை மூன்று முறை பிரித்து மாட்டினான். மூன்றாவது முறையும் நின்றபோது, அவனுடைய வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, உனக்குத் தொழில் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: நின்ன உடனே நீயே டேங்க் மூடியத் திறந்து பாத்தியா, சத்தம் ஏதாவது வந்துச்சா?

சாக்கு சொல்லாதே என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான்கு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அன்று முழுக்க என்னைச் சமாதானப்படுத்தியவர் என் கணவர். ஆயிரம் இருந்தாலும் உன் அண்ணன் இல்லையா, விட்டுடு என்றார்.

பரிசோதகர் குழாயைத் திரும்ப மாட்டி, டேங்க் மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தார். வண்டி தேறிவிட்டது.

மைதானத்தின் வாசலில் எங்கள் வேன் வந்து நின்றது. கணவர் ஹெல்மெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு, தூரத்திலிருந்தே கட்டை விரலை உயர்த்திக் காட்டியபடி வந்தார்.

உள்ளங்கையை மூடிக்கொண்டேன். மறு கையால் போனை எடுத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். அந்தப் பக்கம் ஏதோ ஒரு வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தான்.

கணவர் கிட்டே வந்துவிட்டார். அவர் காதில் விழட்டும் என்றே பேசினேன்.

"அண்ணா, சத்தம் வந்துச்சு."