பேத்தை மீனின் பல்

"உன் மீன் அஞ்சு நாளா எதையும் தொடலடி. பல்லு வளர்ந்து வாயை அடைச்சிருக்கும் போல. நீ வந்தாத்தான் பிழைக்கும்."

அம்மா போனில் சொன்னதுதான் தாமதம், லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்க்கும் மகள் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

எட்டு மாதமாக அந்த வீட்டுப் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. "கயித்துல தொங்குற வேலைதான் பெருசுன்னா இந்த வாசப்படியை மிதிக்காதே!" என்று அன்றைக்கு அப்பா கத்தினார். "மிதிக்க மாட்டேன்!" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிடிவாதத்தில் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். ஹாஸ்டலில் தொட்டி வைக்க இடமில்லை. நன்னீர்ப் பேத்தை மீன் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

உள்ளே நுழைந்தபோது அப்பா பேப்பரை விட்டு முகத்தை எடுக்கவில்லை. அவளும் பார்க்காதது போலத் தொட்டியிடம் போனாள்.

கட்டைவிரல் பருமனில் ஒரு மீன். அதற்கு ஆயுசு முழுக்கப் பல் வளரும். நத்தை ஓட்டைக் கடித்துக் கடித்துத் தேய்த்தால்தான் வாய் திறக்க முடியும்.

கண்ணாடியில் விரல் வைத்தாள். முன்பெல்லாம் ஓடி வந்த மீன், செடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"என்னை மறந்துட்டியாடா? அம்மா, பல்லை நறுக்கணும், அந்தச் சின்ன நகவெட்டியைக் கொண்டா."

தண்ணீருக்குள்ளேயே வலையில் பிடித்தாள். மீன் பந்தாக உப்பியது.

"ஒரு மீனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? அன்னிக்கே சாக்கடையில கொட்டச் சொன்னேன்," என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மீனின் வாயை உற்றுப் பார்த்தவள், நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு வலையைக் கவிழ்த்தாள்.

"பல்லு அளவாத் தேஞ்சிருக்கே! தினம் நத்தை தின்னாத்தான் இப்படி இருக்கும். நீதான் நத்தையைக் கண்டா நாலு தெரு ஓடுவியேம்மா?"

அம்மா பேப்பரைப் பார்த்தாள்.

அப்பாவுக்குத் திடீரென்று தாகம் எடுத்துவிட்டது. எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தார். அவர் நடந்த பக்கமெல்லாம் மீனும் கண்ணாடியை ஒட்டி ஓடி, வாலை ஆட்டியது.

"சும்மா இருடா," என்று பல்லைக் கடித்தார் அப்பா. அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நத்தை மெல்லத் தலையை நீட்டியது.

"எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்டி," என்றாள் அம்மா. "'மீன் சாப்பிடலைன்னு சொல்லு, ஓடி வந்துடுவா'ன்னு போனைக் கையில திணிச்சதே இந்த மனுஷன்தான்!"