கத்திரி வெட்டு

"நீங்க விக்கிறது தூண்டிலா, இல்ல தூண்டில் மாதிரி பொம்மையா?"

கடைக்குள் கால் வைத்ததும் இன்சூரன்ஸ்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். மீசையைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தார் தூண்டில் கடைக்காரர்.

"மறுபடியும் முள் போச்சா சார்?"

"போச்சு. என் எட்டு வயசுப் பொண்ணு, ஆசையா தூண்டிலைக் கையில கொடுத்து உக்கார வைக்கிறேன். கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்துப் பார்த்தா வெறும் நைலான் நரம்பு! முள்ளும் இல்ல, புழுவும் இல்ல. வாராவாரம் இதே கதை. அந்தக் குளத்து மீனெல்லாம் உங்க கடை முள்ளைத் தின்னே கொழுத்துப் போயிருக்கும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பே இன்சூரன்ஸ்காரருக்குச் சந்தேகமாக இருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. கடை எரிந்துபோச்சு என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு வந்து நின்றால், தீப்பெட்டி யார் பையில் இருந்தது என்று தேடுகிற உத்தியோகம்.

"சிரிக்காதீங்க. சின்னப் பிள்ளைக்குக் குட்டைக் கம்புதான் சரின்னீங்க, வாங்கினேன். அடுத்த வாரம் நரம்பு மெலிசுன்னீங்க, தடிமனா மாத்தினேன். அப்புறம் தக்கை பெரிசு, மீன் மிரளும்னீங்க, அதையும் மாத்தியாச்சு. இப்ப என்ன, குளத்தையே மாத்தச் சொல்லப் போறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. கொண்டாங்க பாப்போம்."

கடைக்காரர் நரம்பின் நுனியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் நெருடினார். சிரிப்பு போய்விட்டது.

"சார், மீன் இழுத்து அறுந்திருந்தா நுனி சுருண்டிருக்கும். கடிச்சிருந்தா பிசிறு அடிச்சிருக்கும். இது நறுக்குனு நேரா இருக்கு. கத்திரி வெட்டு."

"என்னது, கத்திரியா?"

"தண்ணிக்குள்ள தையக்காரன் எவனும் கடை போடலை சார். கரையில யாரு இருக்கான்னு பாருங்க."

இன்சூரன்ஸ்காரர் கண்முன்னே சட்டென்று ஒரு கம்பளிக் குல்லா வந்து நின்றது. குளக்கரையில் எப்போதும் பக்கத்திலேயே வந்து உட்காரும் குல்லாக்காரர்! அந்த ஆளின் வாளி மட்டும் வாரம் தவறாமல் நிரம்புகிறது. "பொறுமை வேணும் சார், பொறுமை" என்று உபதேசம் வேறு. இவர் டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் அந்த ஆள் பாப்பாவுக்கு பிஸ்கட் கொடுத்துக் குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டிருப்பார். பேச்சு ஒரு பக்கம், கத்திரி ஒரு பக்கம்! அடப்பாவி, ஒரு குழந்தையோடவா போட்டி?

"பாப்பாவையே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றார் கடைக்காரர்.

"கேக்காம இருப்பேனா? 'தெரியலையேப்பா'ங்குது. பச்சப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்?" இன்சூரன்ஸ்காரரின் குரல் இறங்கியது. "எங்களுக்குன்னு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதாங்க இருக்கு. முதல் நாள் வந்ததுமே 'போரடிக்குது, வீட்டுக்குப் போகணும்'னு ஒரே அழுகை. 'ஒரே ஒரு மீன் பிடிச்சிடு, உடனே வீட்டுக்குக் கிளம்பிடலாம்'னு சொல்லித்தான் உக்கார வெச்சேன். இன்னும் ஒண்ணுகூட விழலை. 'இனிமே உன்கூட வரலைப்பா'ன்னு சொல்லிடுமோன்னு பயமா இருக்கு."

கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பினார். டப்பாவிலிருந்து ஒரு சின்ன முள்ளை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"இது எதிர்முள் இல்லாத வகை. விரல்ல குத்தினாலும் சுலபமா வந்துடும், குழந்தைக்கு நல்லது. காசு வேணாம். மொதல்ல அந்த ஆளைப் பிடிங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குல்லாக்காரரும் வந்தார், வாளியோடு. இன்சூரன்ஸ்காரர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி முள்ளைக் கட்டினார், புழுவைக் கோத்தார், வீசினார், கம்பை மகள் கையில் கொடுத்தார்.

"கண்ணு, அப்பா போய் டீ வாங்கிட்டு வந்துடறேன்."

"மெதுவாவே வாப்பா" என்றாள் மகள், தக்கையை விட்டுப் பார்வையை எடுக்காமல்.

டீக்கடைப் பக்கம் நாலு எட்டு வைத்தவர், சட்டென்று ஒரு புதர் மறைவில் குந்திக்கொண்டார். கொசு பிடுங்கி எடுத்தது. இருந்தாலும் அசையவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

குல்லாக்காரர் எழுந்தார். டீக்கடைப் பக்கம் ஒரு தடவை நோட்டம் விட்டார். திரும்பி மகளிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். மகள் மளமளவென்று நரம்பைச் சுற்றிக் கரைக்கு இழுத்தாள். குல்லாக்காரர் அவளை மறைத்தாற்போல் வந்து நிற்க, அந்த இடுக்கில் எதுவோ வெயிலில் பளிச்சென்று மின்னியது.

கத்திரி!

"யோவ்! மாட்டினியா? கையும் களவுமா பிடிச்சுட்டேன்!" என்று புதரிலிருந்து பாய்ந்தார் இன்சூரன்ஸ்காரர்.

குல்லாக்காரர் பதறிப்போய் இரண்டு கைகளையும் தூக்கினார். இரண்டும் காலி.

"சார், சார், நான் வெறும் காவல்தான்! நீங்க வர்றீங்களான்னு பாத்துச் சொல்றது மட்டும்தான் என் வேலை."

அவர் விலகி நின்றார். மகளின் வலது கையில் பள்ளிக்கூடப் பென்சில் பையில் கிடக்கும் மஞ்சள் பிடி போட்ட கத்திரி. இடது கையில் புதுமுள், புழுவோடு.

அப்படியே மண்ணில் மண்டி போட்டுவிட்டார் இன்சூரன்ஸ்காரர்.

"நீயா கண்ணு? ஏம்மா? மீன் பிடிக்கப் பிடிக்கலையா? அப்பாகூட வரப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா சொல்லிடுடா, அப்பா கோவிச்சுக்க மாட்டேன்."

மகளின் உதடு பிதுங்கியது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"ஒரு மீன் பிடிச்சா உடனே கிளம்பணும்னு நீதானே சொன்னே? கிளம்பினா, என்னை அம்மா வீட்டு வாசல்ல விட்டுட்டு நீ உன் வீட்டுக்குப் போயிடுவியே அப்பா!"