அந்தப் பலகை

"அந்தப் பலகையைத் தூக்கிட்டுப் போக ஆள் வந்தாச்சா? நல்லதாப் போச்சு. பீரோ மேல இனி பித்தளைப் பானையை வைக்கலாம்."

அடுக்களையிலிருந்து மனைவி தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது. சுவிசேஷமுத்துவின் முகம் சுருங்கியது.

வந்திருந்த பெனோ நெளிந்தான். பாளையங்கோட்டையில் நண்பர்களோடு பாட்டுக்குழு வைத்திருப்பவன். பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று சுவிசேஷமுத்து போனில் சொன்னதும், வாசித்துப் பார்க்க ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு சேரன்மகாதேவிக்கு வந்திருந்தான்.

"அவ அப்படித்தான் தம்பி. இதைக் கண்டாலே அவளுக்கு ஆவாது. நீங்க பாருங்க."

உரக்கடை வைப்பதற்கு முன்னால் சுவிசேஷமுத்து கச்சேரிகளில் கிட்டார் வாசித்தவர். ஏரல் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில், மேடை ஏறுகிற நேரம் பார்த்துக் குழுத் தலைவன் ஞானசிகாமணி சொன்னான்.

"கீபோர்டு வாங்கியாச்சு. கிட்டார் சத்தமும் அதுலயே வந்துரும். இனி உம்ம பலகையை வீட்டுலயே வச்சுக்கிடும்வே."

அன்றைக்கு உறைக்குள் போட்டு பீரோ மேல் ஏற்றியதுதான். இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஞானசிகாமணி குடியிருக்கும் தெருவில் சுவிசேஷமுத்து இன்றுவரை நடப்பதில்லை. கீபோர்டு வாசிக்கிற கல்யாண வீட்டில் பாயசத்துக்குக்கூட நிற்பதில்லை.

பெனோ உறையைத் திறந்தான். சிவப்பு கிட்டார். அங்கங்கே பெயிண்ட் உதிர்ந்திருந்தது.

"உள்ளூர்ல செஞ்சதுன்னு அப்ப எல்லாரும் சிரிச்சானுவ தம்பி. வெளிநாட்டுலருந்து வந்தாத்தான் கிட்டாராம்."

"இப்ப நாங்க இதைத்தான் தேடுதோம் அண்ணாச்சி. இதுல வாற சத்தம் புதுசுல வராது."

வயரை மாட்டி, கம்பிகளை ஒரு தட்டுத் தட்டிய பெனோ நிமிர்ந்து பார்த்தான்.

"கம்பில ஒரு துரு இல்ல. சுதியும் சேந்திருக்கு. நேத்து வாசிச்சியளா?"

"நானா? நான் இதைத் தொட்டே இருவது வருஷம் ஆச்சு." சுவிசேஷமுத்துவுக்குப் பெருமை பொங்கியது. "அந்தக் காலத்துக் கம்பி அப்படி."

பெனோ கம்பியை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்தான். வாசிக்க ஆரம்பித்தான்.

பனங்கற்கண்டை வாயில் போட்டுக் கடித்த மாதிரி, கொஞ்சம் கரகரப்பும் நிறைய இனிப்புமாக சத்தம் வீடெல்லாம் நிறைந்தது. சுவிசேஷமுத்துவின் கால் அவரைக் கேட்காமலே தாளம் போட்டது.

"ஒரு நிமிஷம் குடுங்க."

வாங்கி மடியில் வைத்தார். விரல்கள் முதலில் தயங்கின. பிறகு பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

"இது கீபோர்டுல வருமாவே?" என்று, அங்கே இல்லாத ஞானசிகாமணியிடம் கேட்டார்.

தங்கபுஷ்பம் காப்பியோடு வந்தாள்.

"வாசிச்சது போதும். மூட்டையைக் கட்டிக் குடுங்க. தம்பி, வேண்டாம்னு திருப்பிக் கொண்டாந்துராதீங்க. சும்மாகூடத் தாரோம்."

சுவிசேஷமுத்து நிமிர்ந்தார்.

"சும்மாவா? ஏளா, இது யாரு சாமான்?"

"விக்கணும்னு போன் போட்டது நீங்கதான?"

"ஆமா, போட்டேன். இப்ப குடுக்க மாட்டேன். நீ சொல்லி நான் குடுக்கணுமோ?" பெனோ பக்கம் திரும்பினார். "தம்பி, கோச்சுக்கிடாதீங்க. இது விலைக்கு இல்ல. அந்த ஸ்பீக்கர் பெட்டி மட்டும் ரெண்டு நாள் இங்கன இருக்கட்டும், என்ன?"

தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். "விளங்குன மாதிரிதான்."

வாங்க வந்தவன் வெறுங்கையோடு கிளம்பினான். வாசல் கேட்டைச் சாத்த தங்கபுஷ்பம் பின்னாலேயே வந்தாள். உள்ளே சுவிசேஷமுத்து விட்ட இடத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருந்தா கிட்டார் எனக்குக் கிடைச்சிருக்கும்."

"தெரியும் தம்பி." அவள் சிரித்தாள். "நான் கிழக்கன்னா அவிய மேக்க போவாவ. தூக்கிப் போடுங்க, தூக்கிப் போடுங்கன்னு சொல்லியே இத்தனை வருஷம் காப்பாத்தி வச்சிருந்தேன். போன வாரம் வெள்ளையடிக்கையில வாய் தவறி, 'பாவம், ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்'னுட்டேன். மறுநாளே உங்களுக்குப் போன் போட்டுட்டாவ."

பெனோ வாயைப் பிளந்தான்.

"அப்ப அந்தக் கம்பி?"

"ஜங்ஷன்ல வாங்குவேன். காய்கறிப் பைக்குள்ள கறிவேப்பிலைக்கு அடியில வச்சுக் கொண்டாருவேன்."

உள்ளே ஓர் இடத்தில் சுவிசேஷமுத்துவின் விரல் தடுமாறியது. திரும்ப வாசித்தார். அதே இடத்தில் மறுபடியும் தடுமாறினார்.

கேட்டைப் பிடித்திருந்த தங்கபுஷ்பத்தின் இடது கை விரல்கள் மெல்ல நகர்ந்தன. இரும்புக் கம்பியில் ஒவ்வொன்றாக, இருக்க வேண்டிய இடத்தில் அழுந்தி நின்றன.

பெனோ அந்த விரல்களையே பார்த்தான். நுனிகளெல்லாம் அவனுக்கு இருப்பது போலவே காய்த்துப் போயிருந்தன.

"அக்கா, நீங்க வாசிப்பியளா?"

"பைய பேசுங்க. வயர் சொருகாம வாசிச்சா அடுத்த ரூமுக்குக்கூட கேக்காதுல்லா. அவிய கடைக்குப் போனப் பெறவு கொஞ்ச நேரம். அவிய கோவம் ஆறுத வரைக்கும் அது கெட்டுப் போயிரக் கூடாதுல்லா."

சொல்லிவிட்டு உள்ளே திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"அந்தப் பலகையை வச்சுட்டு சாப்பிட வாறியளா, இல்ல அதை எடுத்து அடுப்புல வைக்கவா?"

உள்ளே சத்தம் இன்னும் கூடியது.