பால் தூக்கு

"பால் தூக்கைக் கையில எடுத்துக்கினு போனாராக்கா, வெறுங்கையா போனாரா?"

காவேரி மறுபடியும் அதையே கேட்டாள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கையைப் பிசைந்தாள்.

"அத்த யாரும்மா பாத்தது? நான் கொழாயாண்ட தண்ணி புடிச்சிக்கினு இருந்தேன். உன் மாமனாரு முதுகுதான் தெரிஞ்சுது. எப்பவும் போல விடுவிடுன்னு போனாரு."

காவேரியின் கணவன் தமிழ்வாணனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வேலை முடிந்து வந்தவன் இன்னும் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நாலு மணிக்குப் பால் வாங்கப் போன அப்பா தணிகாசலம், விளக்கு வைக்கும் நேரமாகியும் வீடு திரும்பவில்லை.

"அப்பனைக் காணோம்னு நான் தவிக்கிறேன். உனக்குத் தூக்குதான் பெருசாப் போச்சா?"

"அதுக்கில்லீங்க. அதுல வந்து..."

"பேசாத. வண்டில ஏறு."

மண்ணூர்த் தெருவில் வண்டி மெல்லப் போனது. தமிழ்வாணன் இரு பக்கமும் தேடினான். அப்பாவுக்கு இரண்டு வருடமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. சில நாள் மகனையே பார்த்து, "தம்பி யாரு, எந்த ஊரு?" என்பார். வீட்டில் வைத்துப் பூட்டினால் கை வீங்கும் வரை கதவைத் தட்டுவார். சுப்பனின் மாட்டுக் கொட்டகைக்குப் போகும் அந்த ஒரு தெரு மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

"எல்லாம் உன்னாலதான்" என்றான் தமிழ்வாணன், திரும்பாமலே. "பிளாஸ்டிக்கை ஒழிக்கிறாளாம்! நல்லா இருந்த பாக்கெட் பாலை நிறுத்தினே. மாவுக்குச் சட்டி, எண்ணெய்க்கு டப்பா, காய்க்கு என் பழைய பேண்ட்டுல தெச்ச பை. பிரியாணி வாங்கப் போனாக்கூட அடுக்குக் கேரியர். கம்பெனி லைன்ல கூட வேலை செய்யிறவன்லாம் 'இன்னாடா, கேரியர் மாப்பிள்ள'ன்னு சிரிக்கிறானுங்க. அதுகூடப் போவட்டும். வயசான மனுஷனைப் பாலுக்கு அனுப்பித்தான் நாம மிச்சம் புடிக்கணுமா?"

காவேரி ஒவ்வொரு திண்ணையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த மாதம் வீட்டுச் செலவு குறைந்திருந்தது உண்மை. இப்போது அதைச் சொல்ல முடியுமா?

சுப்பன் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார்.

"வந்தாரேப்பா. பால் ஊத்திக் குடுத்தேன். தூக்கை ஆட்டிக்கினே ரோட்டாண்ட போனாரு. நான் வூட்டுக்குத்தான் போறாருன்னு நெனச்சேன்."

"தூக்கோடதான் போனாரா? நல்லாத் தெரியுமா?"

"நான்தான்மா மூடி போட்டுக் கையில குடுத்தேன்."

"அப்பாடா! பெருமாளே!" என்று காவேரி ஸ்ரீபெரும்புதூர் கோயில் இருந்த திசை பார்த்துக் கும்பிட்டாள்.

தமிழ்வாணனுக்கு அவளை அறையலாம் போலிருந்தது. மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்துகொண்டு போயின. ஒவ்வொன்றின் சக்கரத்தையும் அவன் குனிந்து குனிந்து பார்த்தான்.

"கழுத்துல அந்தக் கார்டாவது இருந்திருந்தா..." அவன் வண்டியை ஓரங்கட்டினான். "டாக்டர் சொன்னாரேன்னு பேரும் போன் நம்பரும் எழுதி மாட்டினா, 'நான் இன்னா கம்பெனி ஆளா, கார்டு மாட்டிக்கினு திரிய?'ன்னு பிய்ச்சுச் சாக்கடையில போட்டாரு. இப்ப யாருகிட்ட போய் நின்னு இன்னான்னு சொல்லுவாரு?"

"உங்க போன்ல சார்ஜ் இருக்குதா?" என்றாள் காவேரி.

"இப்ப அது எதுக்கு?"

"சொல்லுங்களேன். சத்தம் வெச்சிருக்கீங்களா?"

பதிலுக்கு அவன் கத்த வாயெடுத்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணாச்சி, ஒரகடத்துல இருந்து மாசானம் பேசுதேன். கம்பெனி கேட்ல செக்யூரிட்டி. இங்கன ஒரு தாத்தா ஆளுங்களோட ஆளா ஷிஃப்ட் பஸ்ல ஏறி வந்துட்டாவ. பயப்படாதிய, நல்லாத்தான் இருக்காவ."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, அப்பா செக்யூரிட்டியின் நாற்காலியில் உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். காவேரி ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். தமிழ்வாணன் மாசானத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நீ நல்லா இருக்கணும் தம்பி. ஆமா, என் நம்பர் உனக்கு எப்படிக் கெடச்சுது? அவருக்கு அவரு பேரே தெரியாதே."

"கார்டு எங்க தாத்தான்னு கேட்டேன். தூக்கை நீட்டுதாவ! பாலு பூரா பஸ்லயே சிந்திப்போச்சு. வீட்டு ஆளுவ வந்தா ஏனத்தைப் பால் வாடையோடயா குடுக்கன்னு கழுவிக் கவுத்தேன். அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு."

ஜன்னல் திண்டில் கவிழ்ந்திருந்த தூக்கை எடுத்து அவன் நீட்டினான். அதன் அடியில், சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல, புள்ளி புள்ளியாக எழுத்துகள்: 'தணிகாசலம், மண்ணூர்.' அதற்குக் கீழே தமிழ்வாணனின் போன் நம்பர்.

அவன் திரும்பிப் பார்த்தான். காவேரி முந்தானையால் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் நீங்கதான் மாமா தூக்கு எடுத்துக்கினு போயி பால் வாங்கியாரணும். நானும் கூட வரேன். பாக்கெட் பாலுன்னா காசு தண்டம்."

"ஆமாம்மா, பிளாஸ்டிக்கு ஆவாது" என்றார் அப்பா, பெரிய மனிதரைப் போல.

கழுத்துக் கார்டை அப்பா பிய்த்தெறிந்த மறுநாள்தான், காவேரி வீட்டில் பிளாஸ்டிக்கை ஒழிக்கத் தொடங்கியிருந்தாள்.