புதைசேற்று மூலை
கஞ்சிப் பானையோடு வரப்பில் நிற்கிறேன். நடவு வரிசையை நடத்தும் உலகம்மைக்குக் காய்ச்சல். அவள் இடத்தில் இசக்கியம்மை நிற்க வேண்டும் என்று வயல்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெயில் ஏறுகிறது. பிடுங்கிப் போட்ட நாற்றுமுடிகள் வாடுகின்றன. நடவைத் தொடங்கச் சொல்லி இசக்கியம்மை குலவையிடுகிறாள். பதில் குலவை எழவில்லை. எவளும் குனியவும் இல்லை. "நேத்து வந்தவளுக்குப் பின்னால நாங்க குனியணுமா ஏட்டி?" என்கிறாள் மூத்தவளான தாணம்மாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. இசக்கியம்மை முதலிடத்தை விட்டு, எல்லாரும் அஞ்சி ஒதுங்கும் புதைசேற்று மூலைக்கு நடக்கிறாள். தொடைவரை புதைந்தபடி தாணம்மாளைப் பார்த்துச் சொல்கிறாள்: "தலையிடம் ஒனக்கு மைனி. குலவையும் நீயே இடு. நாத்து செத்தா நாளைக்கு நம்ம எல்லாருக்கும் வேலையில்ல." தாணம்மாள் காறித் துப்புகிறாள். பிறகு, இசக்கியம்மை பக்கம் திரும்பாமலே, முதல் நாற்றை ஆத்திரத்தோடு சேற்றில் குத்துகிறாள்.