பஸ்ஸில் நசுங்கிய கேக்

ஐந்தாவது கேக்கும் நடுவில் குழி விழுந்துவிட்டது.

செவ்வந்தி குக்கர் மூடியை டொம்மென்று தரையில் போட்டாள். விசிலைக் கழற்றி, கேஸ்கட்டைக் கழற்றி, அடியில் ஒரு கிலோ கல்லுப்பைக் கொட்டி, யூடியூபில் அந்தப் பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னபடியே எல்லாம் செய்தாயிற்று. அவளுக்கு மட்டும் பஞ்சு மாதிரி வருகிறது. இவளுக்கு வந்தது வேகாத களி.

ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டாள். சனியன், ருசியும் அது இல்லை.

கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. அப்பா அம்மாசி செத்து இன்றோடு ஒரு வருஷம். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, பீடிக் கட்டு, குவார்ட்டர் பாட்டில் எல்லாம் இலையோரம் வந்து உட்கார்ந்துவிட்டன. உச்சிப்பொழுதுக்குள் படைத்தாக வேண்டும். கேக் ஒன்றுதான் பாக்கி.

"நேரம் ஆயிகினே போவுதுக்கா. கடையில ஒண்ணு வாங்கியாந்துடட்டுமா?" என்றான் சின்னராசு. படையலுக்காகக் காலையில்தான் உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து வந்திருந்த தம்பி.

"கடையில கெடைச்சா நான் ஏன்டா இங்க வெந்துகினு கெடக்கறேன்?"

அம்மாசி கள்ளக்குறிச்சியில் மூட்டை தூக்கியவர். சனிக்கிழமை சாயங்காலம் சொந்த ஊரான எலவனாசூர்கோட்டைக்கு பஸ் ஏறும் முன்னால், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பேக்கரியிலிருந்து பிள்ளைகளுக்குக் கேக் கொண்டுவருவார். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பேக்கரிக்காரர் எந்த ஊருக்குப் போனார் என்று கேட்டுப் பார்த்தாள், யாருக்கும் தெரியவில்லை.

அந்த ருசியை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கு ஊறும். ஒரு வாயில் ரோஸ் கிரீம். அடுத்த வாயில் டூட்டி ஃப்ரூட்டி. அப்புறம் முந்திரி, ஏலக்காய், கொஞ்சம் கருகின சர்க்கரை. நடுவில் எங்கிருந்தோ உப்பு பிஸ்கட் வாசம் வேறு. இத்தனையும் ஒரே கேக்கில். எந்த யூடியூப்காரியும் அப்படி ஒரு கேக்கைப் போட்டுத் தொலைக்கவில்லை.

ஒரே ஒரு குறைதான். வீடு வந்து சேர்வதற்குள் கேக் உதிர்ந்து போயிருக்கும். பொட்டலத்தைப் பிரித்தால் தூள்தான் இருக்கும்.

"பஸ்ஸுல நிக்கக்கூட எடமில்ல பாப்பா, நசுங்கிப் போச்சி," என்பார் அப்பா.

வாரம் தவறாமல் நசுங்கும். செவ்வந்தி அந்த பஸ்ஸைத் திட்டாத திட்டில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் நிற்கும் இடத்துக்கே போய்க் காத்திருந்து கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள். எங்கப்பாவுக்கு உட்கார இடம் கொடுங்கள், கேக் நசுங்குகிறது என்று. கண்டக்டர் திருதிருவென்று முழித்தார். அப்பா அவள் கையைப் பிடித்து விறுவிறுவென்று வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார்.

பிள்ளைகள் இரண்டும் விரலில் ஒற்றி ஒற்றித் தின்னும். அவர் ஒரு சிட்டிகை வாயில் போட்டதில்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. செத்த பிறகாவது அந்தக் கேக்கை அவர் முன்னால் வைத்துவிட வேண்டும்.

ருசிதான் வரவில்லை, உருவமாவது சரியாக இருக்கட்டும் என்று கத்தியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். அது எப்படி இருக்கும்?

"டேய், அந்தக் கேக்கு வட்டமா இருக்குமா, சதுரமா?"

சின்னராசு தரையில் கிடந்த குக்கர் மூடியை எடுத்து ஓரமாக வைத்தான்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு இருக்கே? கேக்கறேன் இல்ல?"

"அதுக்கு உருவமே இல்லக்கா," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆறாவது படிக்கும்போது செருப்பு வாங்க அப்பாவோடு ஒருமுறை கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தான். அப்பா பேக்கரியின் முன்பக்கம் போகவே இல்லை. பின்பக்கம் மைதா மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். ஓர் ஆள் காலியான தட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, ஒட்டியிருந்த தூளை விரித்த செய்தித்தாளில் தட்டித் தட்டிக் கொட்டினான். ரோஸ் கேக் தட்டு, முந்திரி கேக் தட்டு, பிஸ்கட் தட்டு. அப்பா அதைப் பொட்டலமாக மடித்துக்கொண்டார். அன்றைக்கு பஸ் காலியாகத்தான் இருந்தது.

"அக்காகிட்ட சொல்லிடாதடான்னாரு. பாப்பா அத முழு கேக்குனு நம்பிகினு இருக்குதுன்னாரு."

செவ்வந்திக்கு முதலில் வந்தது கோபம்தான். நாலு நாளாக முட்டை உடைத்து உடைத்து வீடே கவிச்சி அடிக்கிறது. இனிமேல் கேக் வேண்டாம் அத்தை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடுகின்றன. எல்லாம், உலகத்திலேயே இல்லாத ஒரு கேக்குக்காக.

"இத்தினி வருஷமா மறைச்சி வெச்சிருந்தியேடா, பாவி!"

தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம்தான் அழுகை வந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, குழி விழுந்த கேக்கைக் கொண்டுபோய் இலையின் நடுவில் வைத்தாள். சின்னராசு சூடத்தை ஏற்றினான். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா கொண்டாந்த மாதிரியே உதுத்து வெச்சிடலாமாக்கா?" என்று கேக்கின் மேல் கையை வைத்தான்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"வாணாம்டா. அவரு ஒரு வாட்டியாவது முழுசா துன்னட்டும்."